மெயினை மூடாமல்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டியதும் கிடையாது, குறைத்ததும் கிடையாது. சத்தியம் செய்துதான் ஆகவேண்டும் என்றால் எந்தப் புத்தகத்தின் மேலும் கை வைத்துச் செய்யலாம். புத்தகம் கைக்குக் கிடைக்காவிட்டால் இரண்டங்குலப் பித்தளை வால்வு ஒன்று போதும். இந்தக் கதைக்கு உரியவர் அதன் முன்னால்தான் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்.

அவரை எல்லோரும் வாஷர் என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்தொரு வருஷம் பெரிய பெரிய கட்டடங்களில் குழாய் வேலை பார்த்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். கல்யாணத்தன்று புதுச் சட்டையிலும் அது இருந்ததாக மனைவி சொல்வார். தொழிலில் அவர் கை எவ்வளவு நீளம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும்: ஒருமுறை ஏழாவது மாடியில் அடைத்துக்கொண்ட குழாய்க்குள் கையை விட்டவர், மூன்றாவது மாடியில் அதே குழாய்க்குள் கையை விட்டிருந்த ஒருவரோடு கைகுலுக்கி, அவர் பெயரையும் விசாரித்துவிட்டு வந்தார்.

வாஷருக்குத் தொழிலில் ஒரே ஒரு விரதம் உண்டு. மெயினை, அதாவது கட்டடம் முழுவதற்கும் தண்ணீர் கொண்டுவருகிற தாய்க்குழாயை, மூடமாட்டார். புதுக் கிளை எடுக்க வேண்டுமா, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிற குழாயிலேயே எடுப்பார். இதற்குக் காரணம் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் மெயின் வால்வைத் திருகி மூடினார். முப்பது வருஷம் யாரும் தொடாத வால்வு. உள்ளே பொருக்குப் பொருக்காகத் துரு. திருகியபோது சத்தமில்லாமல் பெயர்ந்தது. திறந்தபோது அந்தத் துரு அத்தனையும் தண்ணீரோடு கிளம்பி மேலே போய், அறுபத்திரண்டு குழாய்களின் வாயில் உட்கார்ந்துகொண்டது. மூன்று நாள் வீடுவீடாகப் போய்க் குழாய் கழற்றினார். ஆறாவது மாடி அம்மாள் ஒருத்தி மூன்று நாளும் வாசலில் நின்று திட்டினாள். மூச்சு வாங்க மட்டும் நடுவில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து மெயின் பக்கம் அவர் கை போவதில்லை.

அப்படிப்பட்டவருக்கு அறுபத்தெட்டாவது வயதில் நெஞ்சு வலி வந்தது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்களில் இரண்டு, பேனா முள் அளவுக்குச் சுருங்கியிருந்தன. பைபாஸ் செய்ய வேண்டும் என்றார் அறுவை சிகிச்சை செய்கிற டாக்டரம்மா. குள்ளமானவர். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் கண்ணாடியும் நெற்றியும்தான் தெரியும். மேஜைமேல் பிளாஸ்டிக் இதயம் ஒன்று இருந்தது. அதன் மூடி அடிக்கடி கழன்று விழுந்தது. டாக்டரம்மா விளக்கி முடிப்பதற்குள் வாஷர் தன் பையிலிருந்த வாஷரை அதன் கீலுக்கு அடியில் செருகி, மூடியை நிற்க வைத்துவிட்டார்.

டாக்டரம்மா சொன்னது இதுதான். காலிலிருந்து ஒரு இரத்தக் குழாயை எடுத்து, ஒரு முனையை இதயத்திலிருந்து கிளம்புகிற பெருந்தமனியில் தைக்க வேண்டும். மறுமுனையை அடைப்புக்குக் கீழே தைக்க வேண்டும். அப்படி இரண்டு கிளை. கிளை எடுப்பதுதானே என்று வாஷர் நிம்மதியாகத் தலையாட்டினார். பிறகு டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பெருந்தமனி நெடுக வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

"சுண்ணாம்பு," என்றார் டாக்டரம்மா.

"பாய்லர்ல பிடிக்குமே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான் ஐயா. முட்டை ஓடு கணக்கா இருக்கு."

வழக்கமாக, தைக்கிற இடத்தில் இரத்தம் பீறிடாமல் இருக்கப் பெருந்தமனியைக் கிளாம்ப் போட்டுக் கவ்விப் பிடிப்பார்கள். இவருக்குக் கவ்வினால் சுண்ணாம்பு பெயரும். பெயர்ந்தால் இரத்தத்தோடு கிளம்பி மேலே போகும். மேலே என்றால் எங்கே என்று வாஷர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும், ஆறாவது மாடிக்கு. டாக்டரம்மா தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டி, வலது கை போகலாம், பேச்சு போகலாம் என்றார்.

கூட வந்திருந்தது அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. முப்பது வருஷம் அவருக்குக் கையாளாக இருந்தவன். ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. திரும்பும் வழியெல்லாம் அவன் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தான். பேச்சு போனால் அத்தானுக்குத்தான் கஷ்டம், ஊருக்கு இல்லை என்பது அந்த ஆறுதலின் சாரம். நாற்பது வருஷத்தில் வாஷர் பதிலுக்குப் பதில் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. மைத்துனன் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டான்.

வாஷருக்குப் பேச்சு என்பது வெறும் பேச்சு அல்ல. அவர் மனைவிக்குப் பதினொரு வருஷமாகப் பார்வை மங்கி வருகிறது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியும், எழுத்து தெரியாது. காலையில் காபி ஆறுவதற்குள் வாஷர் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவார். படிக்கும்போது நடுவில் ஒரே ஒரு செய்தியைச் சொந்தமாகச் சேர்ப்பார். எது பொய் என்று அந்த அம்மாள் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் ஆட்டம். பதினொரு வருஷத்தில் நாலே தடவைதான் ஏமாந்திருக்கிறார். ஒரு நூலகத்தில் பூனை ஒன்று ஏழு வருஷம் சம்பளப் பட்டியலில் இருந்ததாக ஒரு செய்தி வந்தபோது அடித்துச் சொன்னார், அது பொய் என்று. அது பேப்பரில் நிஜமாகவே வந்திருந்தது. அந்தத் தோல்வியை அவர் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் காலை வாஷர் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரி பிசகாமல் படித்தார். மடித்து வைத்தார்.

"இன்னிக்குப் பொய் எங்க?" என்றார் மனைவி.

வாஷர் சுண்ணாம்பைப் பற்றிச் சொன்னார். கிளாம்ப், துருக் கதை, ஆறாவது மாடி எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் காபியைக் கீழே வைத்துவிட்டு, இதுதானே பொய் என்றார். இல்லை என்றார் வாஷர். மனைவி காபியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"அப்ப மெயினை மூடாம செய்யச் சொல்லுங்க. நாப்பது வருஷம் நீங்க செஞ்சதுதானே. படிச்சவங்களுக்கு அதுகூடத் தெரியாமலா இருக்கும்?"

இப்படித்தான் வாஷர், தமனியைக் கவ்வாமல் எப்படிக் கிளை எடுப்பது என்று டாக்டரம்மாவுக்குச் சொல்லித் தரப் போனார். பேசப் பேச டாக்டரம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். கடைசியில் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பொருளை எடுத்து வைத்தார். பிடி ஒன்று, அதன் நுனியில் மெல்லிய குழல். குழலுக்குள் விரல்நகம் அளவுக்கு ஒரு குட்டிக் குடை சுருண்டு கிடந்தது. சீல் என்பது அதன் பெயர். ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் குடை என்றுதான் சொல்வார்களாம். தமனியில் சின்னதாக ஒரு துளை போட வேண்டும். போட்ட வேகத்தில் விரலால் பொத்த வேண்டும். விரலை எடுக்கிற வேகத்தில் குழலை நுழைத்துக் குடையை உள்ளே விரிக்க வேண்டும். பிறகு இரத்தத்தின் அழுத்தமே குடையைச் சுவரோடு அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், வெளியே சொட்டு வராது. கிளைக் குழாயைச் சுற்றிலும் தைத்துவிட்டு, கடைசி முடிச்சுக்கு முன்னால் குடையின் வாலை இழுத்தால், பின்னல் பிரிவதுபோல முழுக் குடையும் பிரிந்து ஒற்றை நூலாக வெளியே வந்துவிடும்.

வாஷருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சண்டை போட வந்த இடத்தில் எதிராளி கட்சி மாறி நின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அதனால் அவர், கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடமுடியாது என்று சொல்லிவிட்டார்.

சோதனை ஆஸ்பத்திரியின் துணி அலசுகிற அறையில் நடந்தது. இரண்டடி ரப்பர் குழாயை வாஷர் தன் கையால் குழாயில் மாட்டி, முழு வேகத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டார். மறுமுனையை மைத்துனன் பிடித்துக்கொண்டான். டாக்டரம்மா ஒரு முக்காலியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, பழகுவதற்காக வைத்திருந்த காலாவதியான குடை ஒன்றை எடுத்துக்கொண்டார். துளை, விரல், குடை. மூச்சு விடுவதற்குள் முடிந்தது. பிறகு சாவகாசமாக ஒரு சின்னக் கிளைக் குழாயைச் சுற்றித் தைத்தார், நூலை உருவினார், முடிச்சுப் போட்டார். கிளைக் குழாய் வழியாகத் தண்ணீர் அமைதியாக ஓடியது. அந்த அறையில் நனைந்தது மைத்துனன் மட்டும்தான்; அதற்கும் காரணம், குழாயின் வாயை அவன் தன் பக்கமே திருப்பிப் பிடித்திருந்தான்.

வாஷர் தையலைத் தடவிப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

"எங்ககூட வேலைக்கு வந்திருந்தா, ரெண்டே வருஷத்துல மேஸ்திரி ஆகியிருப்பீங்க," என்றார். டாக்டரம்மா அதைத் தன் சான்றிதழ்களோடு சேர்த்து மாட்டத் தகுந்த வார்த்தை என்று எடுத்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சை ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு.

மயக்க மருந்து டாக்டர் உயரமான, சிரிக்காத மனிதர். தன் கையில் மருந்து வாங்கிய யாரும் இமைகூட அசைத்ததில்லை என்பது அவர் பெருமை. வாஷரும் அசையவில்லை. ஆனால் காது வேறு சமாசாரம். சுவருக்குள் சொட்டுகிற ஒரு சொட்டைக் கூடத்தில் நின்றே கேட்டுப் பழகிய காது அது, அவ்வளவு சுலபத்தில் தூங்காது. நெஞ்சைத் திறந்ததும் தன் சொந்த மெயின் ஓடுகிற ஓசையை வாஷர் முதல்முறையாகக் கேட்டார். அழுத்தம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இதயத்தை நிறுத்தாமலேதான் வேலை. இதயத்துக்குப் பதிலாக ஓடுகிற இயந்திரம் எதற்கும் இருக்கட்டும் என்று ஓரமாக நின்றது. அதை இயக்குகிறவர் கையைக் கட்டிக்கொண்டு, விளையாடக் கூப்பிடாத ஆட்டக்காரர்போல உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா ஒரு சின்ன ஸ்கேன் கருவியைத் தமனியின் மேலேயே வைத்து, நூல் பிடித்ததுபோல நகர்த்தி, சுண்ணாம்பு இல்லாத இடம் தேடினார். நகம் அளவுக்கு இரண்டே இடம் கிடைத்தது. துளை போடுவதற்கு முன்னால் அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னார். சபாஷ் என்று நினைத்தார் வாஷர். அவராக இருந்தாலும் கீழ்மாடிக் குழாய்களைத் திறந்துவிட்டுத்தான் கை வைப்பார்.

முதல் குடை போனது, தைத்தாயிற்று, நூலாக வந்தது. இரண்டாவது குடை போனது, தைத்தாயிற்று, நூல் உருவியாயிற்று. இரண்டு கிளையிலும் இரத்தம் ஓடியது. நெஞ்சை மூடுவதற்கு முன்னால் கணக்குப் பார்க்க வேண்டும். உள்ளே போன ஊசி, பஞ்சு, கத்தி எல்லாம் வெளியே வந்ததா என்று சிஸ்டர் ஒவ்வொன்றாக எண்ணினார். நிறுத்தி, மறுபடி எண்ணினார்.

"ரெண்டு குடை போச்சு டாக்டர். ஒரு நூல்தான் இருக்கு."

கொடுத்தேனே என்றார் டாக்டரம்மா. வாங்கவில்லை என்றார் சிஸ்டர். சொல்லிவிட்டு, வாங்கினோமோ என்று யோசித்தார். தட்டில் தேடினார்கள். பஞ்சுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். உறிஞ்சிய இரத்தப் பாட்டிலை விளக்கில் பிடித்துப் பார்த்தார்கள். தரையில் ஒருவர் தவழ்ந்தார். இல்லை. நூல் உள்ளே தங்கியிருந்தால் அதுவும் துருதான், ஆறாவது மாடிக்குப் போகும். அதைத் தேட வேண்டுமென்றால் தையலைப் பிரிக்க வேண்டும். இன்னொரு குடை வைக்க நல்ல இடம் கிடையாது. பிரித்தால் கிளாம்ப் போட்டுத்தான் ஆகவேண்டும். கிளாம்ப் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டாக்டரம்மா முக்காலியிலிருந்து இறங்காமல், கையை அசைக்காமல் நின்றார்.

அப்போதுதான் வாஷர் தட்டினார். வலது கை நடுவிரல் முட்டியால், மேஜையின் இரும்புச் சட்டத்தில், மூன்று தட்டு.

குழாய்க்காரர்கள் மாடிக்கு மாடி கத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். குழாயில் தட்டிச் சொல்வார்கள். ஒரு தட்டு என்றால் மூடு. இரண்டு என்றால் திற. மூன்று தட்டு என்பது மைத்துனனுக்காகவே வாஷர் உண்டாக்கியது: தேடாதே, உன் கையிலேயே இருக்கிறது. சட்டத்தில் பட்ட தட்டு, சட்டத்தை ஒட்டிப் போன ஆக்சிஜன் குழாயில் ஏறியது. செம்புக் குழாய் சத்தத்தை நன்றாகக் கடத்தும். அது கூரைக்கு மேலே போய், இரண்டு சுவர் தாண்டி, காத்திருப்போர் கூடத்தின் சுவரோரமாக இறங்கியது. அந்தச் சுவரில்தான் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார் வாஷரின் மனைவி.

பக்கத்து நாற்காலியில் மைத்துனன் சத்தமில்லாத டெலிவிஷனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று தட்டு கேட்டதும் அனிச்சையாகத் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். வெறுங்கை.

"உன்னைச் சொல்லலடா," என்றார் அக்கா. "உள்ள யாரோ எதையோ கையில வெச்சுக்கிட்டே தேடறாங்க."

சொல்லிவிட்டு எழுந்து, வெளிச்சத்தைக் குறி வைத்து நேராக நடந்து, தியேட்டர் வாசலில் இருந்த வார்டுபாயின் மேஜைமேல் கையை ஊன்றினார். உள்ளே போன் போட்டு இதைச் சொல்லு என்றார். அப்படியெல்லாம் சொல்ல விதி இல்லை என்றான் அவன். நாற்பது வருஷம் ஒரு குழாய்க்காரரோடு குடித்தனம் செய்தவரின் குரலில் அந்த அம்மாள் மறுபடி ஒருமுறை சொன்னார். அவன் ரிசீவரை எடுத்தான்.

"வெளியில ஒரு அம்மா சொல்றாங்க, நீங்க தேடறது தேடறவங்க கையிலயே இருக்குதாம்."

உள்ளே எல்லோரும், துப்பாக்கியைக் கண்டவர்கள்போல, கையுறை போட்ட கையை ஒரே நேரத்தில் உயர்த்தினார்கள். சிஸ்டரின் இடது சுண்டுவிரலில், மூன்று சுற்றுச் சுற்றி, இரத்தத்தோடு இரத்தமாக ஒட்டிக் கிடந்தது இரண்டாவது நூல். டாக்டரம்மா கொடுத்ததை வாங்கி, தையல் நூல் சிக்காமல் இருக்க எல்லாத் தையற்காரரும் செய்வதுபோல, விரலில் சுற்றிக்கொண்டு மறந்திருக்கிறார். இரண்டு போனது, இரண்டு வந்தது. நெஞ்சை மூடினார்கள்.

மயக்க மருந்து டாக்டர், நோயாளி எந்த நேரத்திலும் அசையவில்லை என்று தன் தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். அவர் இன்றுவரை அதிலிருந்து இறங்கி வரவில்லை.

மறுநாள் காலை வாஷரின் தொண்டையிலிருந்து குழாயை எடுத்தார்கள். டாக்டரம்மா கட்டிலருகே வந்து வலது கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினார். விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் டாக்டரம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்தது, வலியாலும்தான். ஏதாவது பேசுங்கள் ஐயா என்றார். வாஷர் பேசவில்லை. உதட்டைக்கூடத் திறக்கவில்லை. டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது. மைத்துனன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மனைவி மட்டும் கலங்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த பேப்பரை எடுத்து அவருடைய வலது கையில் வைத்தார். வாஷர் அதை விரித்தார். தொண்டையைச் செருமினார். கரகரத்த குரலில் முதல் செய்தியைப் படித்தார்: மழை வரலாம். இரண்டாவது: பாலம் ஒன்றுக்குப் பழுதுபார்ப்பு. மூன்றாவது செய்தி, நகரத்தில் உள்ள எல்லா மெயின் வால்வுகளையும் கழற்றி அருங்காட்சியகத்தில் வைக்க மேலிடம் உத்தரவிட்டிருக்கிறது, திறப்பு விழாவுக்கு ஆறாவது மாடி அம்மாள் தலைமை தாங்குகிறார் என்பது.

"பொய்," என்றார் மனைவி.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"உண்மையைப் படிக்கும்போதுதான் உங்களுக்கு நாக்கு தடுமாறும். பொய் சொல்றப்ப சொட்டுக்கூடக் குழறாது."

அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொல்லி, அந்த அம்மாள் கட்டிலின் ஓரத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

இன்று திங்கட்கிழமை. அறுவை சிகிச்சைக்குக் குறித்திருக்கிற அந்த வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.